பக்தர் ஜான் பனியன் சரித்திரம்

பொன்னின் மாற்றை நெருப்புக் காட்டும். மனிதன் பக்தியின் மாற்றைத் துன்பம் காட்டும். இன்பமாய் வாழும் நாளில் கடவுளிடத்து அன்புடையோம் என்று கூறுதல் எவர்க்கும் எளிது. துன்பம் வந்த காலத்தும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பவர் பலர் உண்டு. ஆயின், துன்பத்தினும் கொடியது ஒன்றுண்டு. இவ்வொரு சொல்லைச் சொல்லிவிட்டால் உன் துன்பமெல்லாம் நீங்கும், உன் மனைவி மக்களும் பிழைப்பார்கள் என்று நயந்து வரும் சோதனையே அது. துன்பம் பகைவனைப்போல் வாயிலில் நின்று தாக்கும். சோதனையோ உறவினனைப்போல் வீட்டினுள் நுழைந்து அருகில் அமர்ந்து பேசும். இவ்விரண்டையும் ஒருங்கே தாங்கித் தாம் மேற்கொண்ட கீழ்ப்படிதலினின்று பிறழாது நின்ற ஓர் ஏழைத் தொழிலாளியின் சரித்திரத்தை இம்மாதம் நம் நேயர்கட்கு எடுத்துரைக்க விழைகின்றோம். அவர் இங்கிலாந்து தேசத்துக் கிறிஸ்தவ பக்தராகிய ஜான் பனியன் என்பவர்.

பிறப்பும் இளமையும்

பனியனார் 1628-ஆம் ஆண்டில், பெட்போர்டு நகரத்தை அடுத்த எல்ஸ்டோ என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் தாமஸ் பனியன், தாயார் மார்கரெட். தந்தையார் செம்பு பித்தளைப் பாத்திரங்களைச் செய்தும், ஓட்டை அடைத்தும், ஊரூராய்ச் சென்று பழுது பார்த்தும் சீவித்தவர். உலையும் துருத்தியும் சுத்தியலும் இன்னவென்று நம்மவர்க்கு நாம் கூற வேண்டுவதில்லை. அத்தொழிலையே மகனும் கற்றார். அவர் பெயரும் 1647 என்னும் ஆண்டும் பொறித்த இரும்புப் பட்டடை ஒன்று பெட்போர்டு நகரில் போற்றி வைக்கப்பட்டுள்ளது. அதனைத் தோளிற் சுமந்து ஊர் ஊராய் நடந்தவர் பிற்காலத்தில் உலகம் போற்றும் நூலாசிரியர் ஆவாரென்று அந்நாளில் எவர்தாம் எண்ணியிருப்பர்?

இளமையிலேயே துன்பம் அவரைத் தேடி வந்தது. 1644-ஆம் ஆண்டில் தாயார் இறந்தார். அடுத்த மாதமே தங்கையும் இறந்தாள். தந்தையார் விரைவில் மறுமணம் செய்துகொண்டார். அக்காலத்தில் இங்கிலாந்தில் அரசனுக்கும் பாராளுமன்றத்திற்கும் பெரும்போர் நிகழ்ந்துகொண்டிருந்தது. பதினாறு வயது நிரம்பும் தறுவாயில் இருந்த பனியனார் பாராளுமன்றத்தின் படையிற் சேர்க்கப்பட்டார். ஒருமுறை அவர் செல்ல வேண்டிய இடத்திற்கு வேறொரு வீரன் தானே விரும்பிச் சென்று, காவல் நிற்கையில் குண்டுபட்டு மாண்டான். தமக்குப் பதிலாக ஒருவன் இறந்தான் என்னும் நினைவு அவருள்ளத்தில் ஆழப் பதிந்திருந்தது.

போர் முடிந்து ஊர் திரும்பியபின் அவருக்கு மணம் நிகழ்ந்தது. கணவன் மனைவி இருவரிடத்தும் ஒரு தட்டோ கரண்டியோகூட இல்லாத வறுமை. மனைவி தன் தந்தை விட்டுச்சென்ற இரண்டு பக்தி நூல்களையே சீதனமாகக் கொண்டுவந்தாள். முதற் குழந்தை மேரி 1650-இல் பிறந்தாள். அவள் பிறவிக் குருடு.

உள்ளத்துச் சோதனை

அந்நாளில் பனியனார் பக்தராக இருக்கவில்லை. ஆணையிடுதலும், பழிச்சொற் பேசுதலும், ஓய்வுநாளில் விளையாடித் திரிதலும் அவர் வழக்கம். பின்னர் இவற்றை ஒவ்வொன்றாய் விடுத்தார். ஊரார் அவரை நல்லவரென்று மெச்சினர். அவரும் அம்மெச்சுதலில் மகிழ்ந்தார். ஒருநாள் தொழில் நிமித்தமாகப் பெட்போர்டு வீதியிற் செல்லுகையில், ஏழைப் பெண்கள் மூவர் நால்வர் ஒரு வாயிலில் வெயிலில் அமர்ந்து, கடவுள் தங்கள் உள்ளத்திற் செய்த கிரியையைப் பற்றி உரையாடிக்கொண்டிருக்கக் கேட்டார். அவர்கள் முகத்தில் விளங்கிய மகிழ்ச்சி தம்மிடத்து இல்லை என்பதை உணர்ந்தார். தாம் பேசிய பக்தி நாவளவிலே நின்றதென்று அன்று அவருக்கு விளங்கிற்று.

அப்பெண்கள் சேர்ந்திருந்த சபையின் போதகர் ஜான் கிப்போர்டு. அவர் முன்னாளில் அரசன் படையில் அதிகாரியாயிருந்து, பின்னர் மனந்திரும்பியவர். அவருடைய உபதேசத்தாலும், வேதாகமத்தை இடைவிடாது ஓதியதாலும், மார்ட்டின் லூத்தர் எழுதிய ஒரு பழைய வியாக்கியான நூலாலும் பனியனார் சிறிது ஆறுதல் அடைந்தார்.

அவ்வாறுதலுக்குப் பின்னரே பெருஞ்சோதனை வந்தது. கிறிஸ்துவை விற்றுவிடு, எதற்காவது ஈடாக விற்றுவிடு என்னும் எண்ணம் அவர் மனத்தில் இடைவிடாது எழலாயிற்று. உண்ணும்போதும், வேலை செய்யும்போதும், ஓர் ஊசியை எடுக்கக் குனியும்போதும் அது எழும். விற்கேன், விற்கேன் என்று அவர் மறுத்துக்கொண்டேயிருப்பார். இவ்வாறு ஓராண்டளவு போராடிச் சோர்ந்த நிலையில், ஒரு காலை படுக்கையிற் கிடக்கையில், அவர் விரும்பினாற் போகட்டும் என்றொரு நினைவு தம் நெஞ்சிற் கடந்து சென்றதாக உணர்ந்தார். அவ்வளவே! தாம் விற்றுவிட்டோம் என்னும் திகில் பற்றிக்கொண்டது. ஒருவேளைக் கூழுக்குத் தன் சேஷ்டபுத்திர பாகத்தை விற்ற ஏசாவைப் போலத் தாமும் ஆனோம் என்று இரண்டாண்டுகட்கு மேல் அழுது திரிந்தார்.

இறுதியில் ஒருநாள் வயல்வழியே செல்லுகையில் அவருக்குத் தெளிவு பிறந்தது. தம்முடைய நீதி தம் மனத்தின் நிலையைப் பொறுத்ததன்று. அது பரலோகத்திலிருக்கும் கிறிஸ்துவே. ஆதலால், தம் மனம் உயர்ந்தால் அது உயர்வதும் இல்லை, தாழ்ந்தால் அது தாழ்வதும் இல்லை என்று கண்டார். கட்டுண்ட கால்கள் விடுபட்டாற்போல வீடு சேர்ந்தார்.

நேயர்கள் இதனை நினைவில் வைக்க வேண்டுகின்றோம். விற்பாயா என்று உள்ளத்தில் எழுந்த அதே வினா, சில ஆண்டுகட்குப்பின் நியாயாதிபதியின் வடிவில் அவர்முன் மீண்டும் வந்து நின்றது.

சிறைவாசம்

பனியனார் பட்டடையை விடாமலே பிரசங்கியாகவும் ஆனார். ஏழை எளியவர் அவர் சொற்கேட்கத் திரண்டனர். 1658-இல் முதல் மனைவி நான்கு குழந்தைகளை விட்டு இறந்தாள். அடுத்த ஆண்டில் எலிசபெத் என்னும் பெண்ணை மணந்தார். 1660-இல் இரண்டாம் சார்லஸ் மன்னன் அரியணை ஏறவே, அரசாங்கத் திருச்சபைக்குப் புறம்பான கூட்டங்கட்கு இடையூறு தொடங்கிற்று.

அவ்வாண்டு நவம்பர் 12-ஆம் நாள், லோயர் சாம்செல் என்னும் சிற்றூரில் ஒரு வீட்டில் பிரசங்கம் செய்ய அவர் அழைக்கப்பட்டிருந்தார். பிடிக்க ஆணை பிறந்துள்ளதென்று முன்னரே தெரிந்தது; கூட்டத்தை நிறுத்தித் தப்பிச் செல்லும்படி நண்பர் கூறினர். அவர் வெளியே சென்று சிறிது நேரம் உலவிச் சிந்தித்தார். பிறர்க்குத் தைரியம் போதித்த தாம் ஓடினால், புதிதாய் நம்பிக்கை கொண்ட எளியோர் மனம் உடைந்துபோம் என்று துணிந்து திரும்பி வந்தார். கூட்டம் தொடங்கிய அளவிலே பிடிபட்டார்.

1593-ஆம் ஆண்டில் எலிசபெத் அரசி காலத்தில் ஏற்பட்ட சட்டத்தின்படி அவருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. மூன்று மாதம் சிறை. பின்னும் இணங்காவிடில் நாடு கடத்தல். அனுமதியின்றித் திரும்பினால் தூக்கு. ஆயின், இனிப் பிரசங்கம் செய்யேன் என்று ஒரு வாக்களித்தால் அந்தக் கணமே விடுதலை. அவர் வாக்களிக்கவில்லை. மூன்று மாதம் என்றது பன்னிரண்டு ஆண்டாய் நீண்டது. 1672 வரை, இடையிற் சிறிது காலம் தவிர, பெட்போர்டுச் சிறையே அவர் வீடாயிற்று.

அச்சிறையைப் பற்றி நாம் வியப்பது ஒன்றுண்டு. காவலன் அவரை நம்பிச் சிற்சில வேளை வெளியே சென்றுவர விட்டான்; அவர் ஒருமுறை லண்டன் வரையிலும் சென்று வந்தார்; ஓடிப்போகவில்லை. அவரைச் சிறையில் வைத்தது பூட்டன்று. தாம் சொல்ல மறுத்த அவ்வொரு சொல்லே.

எலிசபெத்தின் துணிவு

கணவர் பிடிபட்ட செய்தி கேட்ட அதிர்ச்சியில், கருவுற்றிருந்த எலிசபெத்துக்கு அகாலத்தில் வேதனை கண்டது. எட்டு நாள் துன்புற்றுப் பெற்ற குழந்தை மாண்டது. தான் பெறாத நான்கு குழந்தைகளையும், அவர்களுள் கண்ணில்லாத ஒன்றையும், பிறர் தரும் உதவியால் அவள் காத்துவந்தாள். 1661 ஆகஸ்டில், பெட்போர்டு நகரின் சுவான் என்னும் சத்திரத்தில், பிரபுக்களும் அதிகாரிகளும் சூழ வீற்றிருந்த நியாயாதிபதிகள் முன் அவள் தனியே சென்று முறையிட்டாள். ஒருவர் சினந்து இரைந்தார். மாத்யூ ஹேல் என்பவர் மட்டும் இரங்கி, சட்டத்தில் உள்ள வழிகளை எடுத்துக் கூறினார். உன் கணவன் பிரசங்கத்தை விடுவானா என்று வினவியபோது, பேசும் நாவுள்ளவரை அவர் விடமாட்டார் என்று அவள் மறையாது கூறினாள். பொய் ஒன்று சொல்லியிருந்தால் அன்றே கணவரை அழைத்துச் சென்றிருக்கலாம். பனியனாரின் சரித்திரத்தைச் சொல்வோர் இம்மாதரசியை மறத்தல் தகாது.

இரண்டாம் சோதனை

சிறையில் பனியனார் கல்நெஞ்சராய் இருந்தாரென்று எவரும் எண்ணற்க. மனைவி மக்களைப் பிரிந்திருத்தல், எலும்பினின்று தசையைப் பிய்ப்பது போன்றதென்று அவரே பின்னர் எழுதி வைத்தார். எல்லாரினும் குருட்டு மகளே அவர் நெஞ்சில் நின்றாள். அவள்மேற் காற்று வீசுவதையும் பொறாத தாம், அவளைப் பசிக்கும் குளிருக்கும் பிச்சைக்கும் விட்டோமே என்று உருகினார். தம் கையாலேயே தம் குடும்பத்தின்மேல் வீட்டை இடித்துத் தள்ளுவதாக உணர்ந்தார்.

அப்போது வேதாகமத்துக் கதையொன்று அவருக்குத் துணையாயிற்று. பெலிஸ்தர் உடன்படிக்கைப் பெட்டியைத் திருப்பி அனுப்பும்போது, கன்று ஈன்ற இரண்டு பசுக்களை வண்டியிற் பூட்டிக் கன்றுகளை வீட்டில் அடைத்தனர். பசுக்கள் கதறிக்கொண்டே சென்றன. ஆயினும் வலமும் இடமும் திரும்பாது நேரே சென்றன. மாடு கன்று வளர்த்த நம்மவர்க்கு அக்கதறல் எத்தகையதென்று தெரியும். பனியனாரும் அவ்வாறே கதறினார். அவ்வாறே திரும்பாது சென்றார்.

அச்சமும் அவருக்கு இருந்தது. தூக்குமரத்து ஏணியில் ஏறும்போது கால் நடுங்கி முகம் வெளுத்தால், பகைவர் கடவுளைப் பழிப்பரே என்று பன்னாள் கலங்கினார். ஆறுதல் வேண்டி ஜெபித்தார், ஆறுதல் வரவில்லை. முடிவில், கடவுள் ஆறுதல் தந்தாலும் தாராவிடினும், மோட்சம் கிடைப்பினும் நரகம் கிடைப்பினும், அவர் சொல்லுக்குக் கீழ்ப்படிவதே தம் கடன் என்று துணிந்தார். கூலி கேளாத கீழ்ப்படிதல் இதுவே. அத்துணிவுக்குப் பின்னரே மனத்தில் அமைதி வந்தது.

குடும்பத்தை அவர் கைவிட்டாரோ எனின், இல்லை. சிறையில் நாடாக்களின் நுனிக்கு உலோக முனை பொருத்தும் வேலையை மேற்கொண்டு, நூற்றுக்கணக்கான குரோசு நாடாக்கள் செய்து விற்பித்துப் பொருள் அனுப்பினார். பட்டடையிற் பழகிய கை சிறையிலும் மக்களுக்குச் சோறிட்டது. எஞ்சிய வேளையில் நூல்கள் எழுதினார். தம் ஆத்தும சரித்திரத்தை 1666-இல் வெளியிட்டார்.

விடுதலையும் பிற்காலமும்

1672-இல் மன்னன் சலுகை அறிவிப்பு வெளியிட, பனியனார் விடுதலை பெற்றார். அதற்குச் சின்னாள் முன்னரே பெட்போர்டுச் சபை அவரைப் போதகராய்த் தெரிந்துகொண்டது. சலுகை நெடுநாள் நிலைக்கவில்லை. மீண்டும் ஆறு மாதமளவு சிறைப்பட்டு 1677-இல் வெளிவந்தார். அடுத்த ஆண்டில் அவருடைய மோட்சப் பிரயாண நூல் அச்சாயிற்று. அழிவு நகரினின்று முதுகிற் சுமையோடு புறப்படும் ஒருவன், சேற்றிலும் சந்தையிலும் கோட்டைச் சிறையிலும் அகப்பட்டுத் தப்பி வானுலகம் சேரும் கதை அது. அச்சுமையையும் அச்சிறையையும் அவர் அனுபவித்தே எழுதினார். அவர் காலத்திலேயே அது பதினொரு பதிப்புக் கண்டது. பின்னர் 200-க்கு மேற்பட்ட மொழிகளிற் பெயர்க்கப்பட்டது. நம் தமிழிலும் உரைநடையாய் வழங்குவதன்றி, கிறிஸ்தவக் கம்பர் எனப் போற்றப்பெறும் எச். ஏ. கிருஷ்ண பிள்ளையவர்கள் அதனைத் தழுவி இரட்சணிய யாத்திரிகம் என்னும் காவியம் செய்து 1894-இல் வெளியிட்டார். பெட்போர்டுச் சிறையில் முளைத்த வித்து பொருநைக் கரையிலும் பூத்ததென்று நாம் மகிழலாம்.

1688 ஆகஸ்டில், தந்தை ஒருவருக்கும் மகனுக்கும் நேர்ந்த பிணக்கைத் தீர்க்க ரெடிங் என்னும் ஊருக்குக் குதிரையேறிச் சென்றார். இருவரையும் இணக்கிவிட்டு, லண்டனுக்குத் திரும்பும் வழியிற் பெருமழையில் நனைந்தார். காய்ச்சல் கண்டு, ஒரு மளிகை வணிகரின் வீட்டில் ஆகஸ்ட் 31-ஆம் நாள் உயிர் துறந்தார். லண்டனில் பன்ஹில் என்னும் இடத்தில் அடக்கமானார். தம் குடும்பத்தைப் பிரிந்து அவர் சிந்திய கண்ணீர், பிறர் குடும்பம் ஒன்றுபட அவரை மழையில் நடத்திற்று போலும்.

முடிவுரை

அன்பர்களே! மனைவி மக்கள் வருந்தத் தம் கொள்கையைப் பற்றி நின்றது தகுமோ என்று சிலர் வினவலாம். எளிய விடை கூறுவதற்கில்லை. பனியனாரும் அதனை எளிதாகக் கொள்ளவில்லை. ஆயின், மக்கள்பொருட்டு என்று சொல்லி விற்கப்படும் சத்தியம் மக்களுக்குச் செல்வமாகாது. பன்னிரண்டாண்டு அவர் சொல்லாது விட்ட ஒரு சொல்லே அம்மக்களுக்கு அவர் வைத்த ஆஸ்தி. நமக்குத் தூக்குமரம் இல்லை; சிறையும் இல்லை. ஆயினும், கடையிலும் பட்டறையிலும் உத்தியோகத்திலும், ஒரு சிறு பொய்யாற் பெரும் இலாபம் கிட்டும் வேளை நாள்தோறும் வருகின்றது. அவ்வேளையில், பட்டடை சுமந்த அந்த ஏழைத் தொழிலாளியை நம் இல்லத்தாரும் பிள்ளைகளும் நினைவார்களாக. கதறினும் நேர்வழி விடாது நடத்தற்கு எல்லாம் வல்ல கடவுள் நமக்கும் அருள் புரிவாராக.