சுமை குறைத்த பொறியாளர் காலின் சாப்மன்

ரப்பர் பால் வாளிகளை ஏற்றிய சைக்கிளை மேட்டில் மிதிப்பவர் எவ்வளவு பாடுபடுகிறார்! வாளிகளை இறக்கிய பின்னர் அதே கால்கள் எவ்வளவு எளிதாக மிதிக்கின்றன! இந்த எளிய உண்மையை வாழ்நாள் முழுவதும் பற்றி நின்று புகழ் பெற்றவர் காலின் சாப்மன் ஆவார்.

இவர் 1928ஆம் ஆண்டு மே மாதம் 19ஆம் நாள் இங்கிலாந்தில் பிறந்தார். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் கட்டுமானப் பொறியியல் பயின்றார். விமானம் ஓட்டவும் கற்றார். 1948இல் பழைய ஆஸ்டின் காரொன்றைத் தம் கையாலேயே பந்தயக் காராக மாற்றினார். 1952இல் லோட்டஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். பின்னாளில் அவருக்கு மனைவியான ஹேசல் அம்மையார் தொடக்க காலத்தில் பேருதவி புரிந்தார்.

மற்றவர்கள் பெரிய எஞ்சினை நாடினர். சாப்மனோ காரின் எடையைக் குறைக்க வழி தேடினார். கனமான காரைக் கிளப்பவும் நிறுத்தவும் மிகுந்த விசை வேண்டும். வளைவிலே அது வெளிப்புறமாக விலகிச் செல்ல முற்படும். எடை குறைந்தால் இம்மூன்றும் எளிதாகும், எண்ணெயும் மிச்சமாகும்.

1957இல் வெளிவந்த எலீட் காரின் உடலைக் கண்ணாடியிழையால் அமைத்தார். அதன் எஞ்சின் 1,216 சி.சி. மட்டுமே, வேகமோ மணிக்கு ஏறத்தாழ 180 கிலோமீட்டர்! 1962இல், தனிச் சட்டகம் இன்றி, அலுமினியத் தகடுகளாலான உடலே பாரத்தைத் தாங்கும் பந்தயக் காரை உருவாக்கினார். மறு ஆண்டு ஜிம் கிளார்க் அக்காரில் 10 பந்தயங்களுள் 7இல் வென்று உலக வெற்றியாளரானார்.

ஆயினும், இப்புகழுக்கு நிழலும் உண்டு. 1960இல் லோட்டஸ் காரின் சக்கரம் கழன்றதால் ஸ்டெர்லிங் மாஸ் இரு கால்களும் முறிந்து வீழ்ந்தார். 1970இல் இத்தாலியில் லோட்டஸ் காரை ஓட்டிய யோகன் ரிண்ட் உயிரிழந்தார். எடையைக் குறைக்கும் ஆவலில் உறுதியையும் குறைத்துவிட்டார் என்னும் பழி சாப்மனைத் தொடர்ந்தது.

1982ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள், தமது 54ஆம் வயதில், மாரடைப்பால் அவர் காலமானார். 1996இல் நம் நாட்டுப் புரோட்டோன் நிறுவனம் லோட்டஸின் பெரும்பங்கை வாங்கி, 2017 வரை வைத்திருந்தது.

மயிற்பீலியேயானாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவப் பெருந்தகை உணர்த்தினார். சுமை மிகுந்தாலும் அச்சு முறியும். அச்சே மெலிந்தாலும் முறியும். மாணவச் செல்வங்களே! வேண்டாததை நீக்குங்கள், வேண்டியதைக் காத்துக்கொள்ளுங்கள்.