அலோயிஸ் அல்ஸைமர்: மறதி நோய்க்குப் பெயரான மருத்துவர்

ஒருவருடைய பெயர் உலகில் நிலைத்தற்குப் பல வழிகள் உள. கோயில் எடுத்தோர் பெயரும், குளம் தொட்டோர் பெயரும், நூல் செய்தோர் பெயரும் நிலைத்தல் இயல்பு. ஒரு நோயின் பெயராகவே நிலைத்துவிட்ட மனிதரும் உளர். ஜேர்மனிய மருத்துவர் அலோயிஸ் அல்ஸைமர் அத்தகையவர். நினைவை அழிக்கும் நோய்க்குப் பெயராய் நின்றமையாலேயே உலகம் அவரை நினைவிற் கொண்டிருப்பது விந்தை. எனினும், அப்பெயரை உச்சரிப்போருள் அவர் வாழ்வை அறிந்தோர் சிலரே. அவ்வாழ்வின் ஓரத்தில் ஒதுங்கி நிற்கும் வேறொரு மனிதரை எண்ணினோர் அவரினும் சிலர். அம்மனிதரையும் சேர்த்துச் சொல்லுதலே இங்கு என் நோக்கமாகும்.

இளமையும் தொழிலும்

பவேரியாவில் மயின் ஆற்றங்கரையில் அமைந்த மார்க்பிரைற் என்னும் சிற்றூரில், 1864ஆம் ஆண்டு ஜூன் மாதம் 14ஆம் நாள் அல்ஸைமர் பிறந்தார். தந்தையார் நொத்தாரிசுத் தொழில் புரிந்தவர். பேர்லின், ரியூபிங்கன், வூர்ஸ்பேர்க் ஆகிய இடங்களில் மருத்துவம் பயின்ற அவர், 1887இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அப்பட்டத்துக்கு அவர் ஆராய்ந்த பொருள் காதிற் குறும்பி சுரக்கும் சுரப்பிகளே. மூளையை ஆராயப் பிறந்தவர் காதின் வாயிலில் தொடங்கினார் எனலாம்.

1888ஆம் ஆண்டின் இறுதியில் பிராங்க்போட் நகர உளநோய் வைத்தியசாலையிற் சேர்ந்தார். அங்கே தலைவராயிருந்தவர் எமில் சியோலி. நோயாளரைக் கட்டிவைக்கும் வழக்கத்தை இயன்றவரை ஒழித்து, வெந்நீர்க் குளிப்பும் உரையாடலும் கொண்டு அவரை ஆற்றுப்படுத்த வேண்டுமென்பது அவ்விடத்துக் கொள்கை. அடுத்த ஆண்டு வந்துசேர்ந்த பிரான்ஸ் நிசில், நரம்புக் கலங்களுக்குச் சாயமூட்டிக் காணும் முறையில் வல்லவர். நண்பர் இருவரும் பகலில் நோயாளருடனும் மாலையில் நுண்ணோக்கியுடனும் காலங்கழித்தனர். ஒருவரைக் கேட்டறிதலும் அவர் மூளையைப் பார்த்தறிதலும் ஒரே பணியின் இரு கூறுகள் என்பதே அல்ஸைமரின் துணிபு.

அவர் மணந்த சிசிலி அம்மையார் வைர வணிகர் ஒருவரின் விதவை, செல்வம் மிக்கவர். மக்கள் மூவர் பிறந்தனர். 1901ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அம்மையார் காலமானார். பிள்ளைகளைப் பேண அல்ஸைமரின் சகோதரியார் வந்துசேர்ந்தார். மருத்துவர் துயரைத் தொழிலில் மறைத்தார்.

அகுஸ்தேயும் அவர் கணவரும்

அதே ஆண்டு நவம்பர் 25ஆம் நாள், அகுஸ்தே டேற்றர் என்னும் 51 வயது மாது வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டார். அவரைக் கொண்டுவந்தவர் கணவர் கார்ல். புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞர். அம்மாதின் நினைவு அண்மைக்காலத்தில் வேகமாகக் குன்றியிருந்தது. கணவர்மீது காரணமற்ற ஐயம் கொண்டார், பொருள்களை ஒளித்துவைத்தார், சொந்த வீட்டிலேயே வழி தெரியாது அலைந்தார்.

மறுநாள் அல்ஸைமர் அவர் எதிரே அமர்ந்து வினாவத் தொடங்கினார். கணவரின் பெயரைக் கேட்டபோது அம்மாது தம் பெயரையே சொன்னார். பூக்கோவாவும் பன்றியிறைச்சியும் உண்டுகொண்டிருந்த வேளையில், உண்பது கீரை என்றார். தன்னைத் தானே தொலைத்துவிட்டதாகவும் அவர் உணர்ந்து கூறினார். அவற்றையெல்லாம் மருத்துவர் நாள்தோறும் தம் கையால் எழுதிவைத்தார்.

மனைவியைச் சாவிற்குக் கொடுத்த ஒருவர், உயிரோடிருக்கும் மனைவியை இழந்துகொண்டிருந்த ஒருவரைச் சந்தித்த ஆண்டு அது. வைத்தியசாலைச் செலவு எழுதுவினைஞரின் சம்பளத்துக்குப் பாரமாயிற்று. செலவு குறைந்த வேறிடத்துக்கு மனைவியை மாற்ற அவர் விரும்பினார். அம்மாது பிராங்க்போட்டிலேயே இருக்க வழிசெய்தவர் அல்ஸைமரே. ஆராய்ச்சி நோக்கமும் அதிற் கலந்திருந்தது.

1903இல் அல்ஸைமர், கிரேப்பலின் என்னும் பேரறிஞருடன் மியூனிக் சென்றார். அங்கே சிலகாலம் சம்பளமின்றியே உழைத்தார். அங்கிருந்தும் அகுஸ்தேயின் நிலையை விசாரித்துவந்தார். 1906 ஏப்ரல் 8ஆம் நாள் அம்மாது இறந்ததும் அவர் மூளை மியூனிக்குக்கு அனுப்பப்பட்டது. வெள்ளிச் சாயமூட்டி நோக்கியபோது, கலங்களின் உள்ளே முறுக்குண்ட இழைச் சிக்கல்களும், கலங்களின் இடையே திட்டுத்திட்டான படிவுகளும் தெரிந்தன. அவ்வாண்டு நவம்பர் 3ஆம் நாள் ரியூபிங்கனில் கூடிய மருத்துவர் அவையில் அவர் இதனை எடுத்துரைத்தார். அவையோர் ஒருவரும் ஒரு வினாவும் எழுப்பவில்லை. 1910இல் கிரேப்பலின் தம் பாடநூலில் இந்நோய்க்கு அல்ஸைமரின் பெயரைச் சூட்டினார். 1912இல் பிறெஸ்லோவிற் பேராசிரியரானார் அல்ஸைமர்; 1915 டிசெம்பர் 19ஆம் நாள், தம் 51ஆவது வயதில் அங்கே காலமானார். பிராங்க்போட்டில் மனைவியின் அருகே அடக்கம் செய்யப்பட்டார். காணாமற்போயிருந்த அகுஸ்தேயின் நோய்க்குறிப்பேடு 1995இல் அந்நகரிலேயே கண்டெடுக்கப்பட்டது.

ஏட்டில் எழுதப்படாதவர்

அக்குறிப்பேட்டைப் பற்றிப் படித்தபோது என் மனம் அம்மாதைவிட அவர் கணவரையே சுற்றியது. என் தாயாரின் இறுதி நான்கு ஆண்டுகளில் எங்கள் வீட்டிலும் சாவிக்கொத்து அரிசிப் பானையிற் கிடந்தது. தம் வீட்டில் இருந்துகொண்டே வீட்டுக்குப் போகவேண்டுமென்று அவர் மாலைதோறும் படலையடியில் நின்றார். இரவு இரண்டு மணிக்கு அவர் என்னைத் திருடன் என்றபோது, என்ன மறுமொழி சொல்வதென்று கேட்க எனக்கு ஒருவருமில்லை. ஆகவே, கார்ல் யாரைக் கேட்டார் என்னும் வினா எனக்கு வெறும் சரித்திர வினா அன்று.

அந்நகரில் தொலைபேசி இல்லாமலில்லை. பிலிப் றைஸ் தம் தொலைபேசிக் கருவியை அறிஞர்முன் இயக்கிக் காட்டியது 1861இல் அதே பிராங்க்போட்டிற்றான். குரலைக் கம்பியிற் செலுத்தும் வித்தை இருந்தது. நோயாளியின் வீட்டார் பேசுவதைக் கேட்கும் செவிதான் மறுமுனையில் இருக்கவில்லை.

அச்செவி தோன்றப் பல பத்தாண்டுகள் சென்றன. 1979இல் இங்கிலாந்திலும் 1980இல் அமெரிக்காவிலும் அல்ஸைமரின் பெயர்தாங்கிய சங்கங்கள் எழுந்தன. அமெரிக்கச் சங்கத்தின் தொலைபேசி இன்று இரவுபகல் 24 மணிநேரமும் விடைதருகிறது. ஜேர்மனியிலும் அவர் பெயராலேயே ஓர் ஆலோசனைத் தொலைபேசி இயங்குகிறது. நோயாளியை விட்டு அரைமணி நேரமும் அகல முடியாதவருக்கு வைத்தியரின் வாயில் தூரம், தொலைபேசி அண்மை. நோயாளியோடு வாதாடாமல் பேச்சை மெல்லத் திருப்புதல், குளிக்க மறுப்பவரை வற்புறுத்தாது பொழுது பார்த்தல், பராமரிப்பவர் தாமும் உறங்குதல் ஆகியனவே அங்குக் கிடைக்கும் அறிவுரைகள். எளியவையெனினும், இரவு இரண்டு மணிக்கு அவை தாமாகத் தோன்றுவதில்லை.

இதன் பயன் அளந்தும் காணப்பட்டுள்ளது. நியூயோர்க்கில் மேரி மிற்றெல்மனும் குழுவினரும், நோயாளரைப் பேணிய கணவன்மார் மனைவிமார் 406 பேரை நெடுங்காலம் ஆராய்ந்தனர். ஒரு பகுதியினருக்கு நேரிற் சில ஆலோசனைகளும், துணைக்குழுவும், வேண்டியபோது தொலைபேசியில் அறிவுரையும் கிடைத்தன. அவர்கள் பேணிய நோயாளர் பராமரிப்பு இல்லம் சேரும் நாள், ஏனையோரைவிட ஏறத்தாழ 557 நாள் பின்தங்கியது. அந்நோயாளர் தம் வீட்டு முற்றத்திலே கழித்த ஒன்றரை ஆண்டு அது.

நோயைக் கண்டவருக்கு நாம் நன்றி சொல்கிறோம், அது தக்கதே. ஆயினும், அந்நோய்க்கு முற்றான மாற்று இன்னும் அகப்படவில்லை. அகப்படும்வரை நோயாளிக்கு மருந்தாயிருப்பவர் அவரருகே விழித்திருப்பவரே. மாணவர்க்கு அல்ஸைமரின் சரிதத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், கார்ல் என்னும் எழுதுவினைஞரையும் ஒரு வரியிலேனும் சொல்லுவார்களாக. அவ்வரியைக் கேட்கும் பிள்ளைகளுள் ஒரு சிலர், தம் வீட்டிலும் அவ்வாறு விழித்திருக்கும் ஒருவரை அன்றே இனங்கண்டுகொள்வர்.