நாடிழந்த அரசியின் கையொப்பம்



ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர், முடியையும் நாட்டையும் இழந்து அயல்நாட்டில் வாழ்ந்த கத்தோலிக்க அரசி ஒருவர், ரோம் நகரிலிருந்த குவால்தேரியோ என்னும் கர்தினாலுக்குப் பல கடிதங்கள் எழுதினார். கர்தினால் என்போர் கத்தோலிக்கத் திருச்சபையில் போப்பாண்டவருக்கு அடுத்த நிலையில் உள்ள பெரியோர் ஆவர். அவ்வரசி தம் பெயருக்குப் பின்னால் அரசி என்பதைக் குறிக்கும் லத்தீன் எழுத்தைச் சேர்த்தே கையொப்பமிடுவது வழக்கம். ஆள்வதற்கு ஓர் அடி மண்ணும் இல்லாதவர் அவ்வாறு கையொப்பமிட்டது ஏன்? அவருடைய வாழ்க்கையை அறிந்தால் விடை கிடைக்கும்.

இத்தாலியின் வடபகுதியில் மொடேனா என்னும் சிற்றரசு இருந்தது. அதனை ஆண்ட கோமகனின் மகளாக 1658ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் மேரி பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்த அவர், தாயின் கண்டிப்பில் வளர்ந்தார். கன்னியர் மடத்தில் சேர்ந்து துறவியாக வேண்டும் என்பதே அவருடைய விருப்பம். ஆனால், இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லசின் தம்பியாகிய ஜேம்சுக்கு அவரை மணம் பேசினர். ஜேம்ஸ் மனைவியை இழந்தவர். இரு பெண்களுக்குத் தந்தை. நாற்பது வயதை நெருங்கியவர். மேரிக்கோ பதினைந்து வயதுகூட நிரம்பவில்லை. போப்பாண்டவர் பத்தாம் கிளெமெண்டே இத்திருமணத்தை ஏற்குமாறு அச்சிறுமிக்குக் கடிதம் எழுதினார். 1673ஆம் ஆண்டில் திருமணம் நடந்தேறியது. தொடக்கத்தில் கணவரைக் கண்டாலே கண்ணீர் விட்ட மேரி, காலப்போக்கில் அவரிடம் ஆழ்ந்த அன்பு கொண்டார்.

1685ஆம் ஆண்டில் ஜேம்ஸ் அரியணை ஏறினார்; மேரி அரசியானார். இங்கிலாந்து மக்களுள் மிகப் பெரும்பாலோர் புரோட்டஸ்டண்டு சமயத்தினர். மன்னரோ கத்தோலிக்கர். அவர் நாட்டின் சட்டங்களை மீறித் தம் சமயத்தாருக்குப் பதவிகளை வழங்கியதால் மக்களின் வெறுப்பு வளர்ந்தது.

அரசி பெற்ற குழந்தைகள் ஒருவர் பின் ஒருவராக மாண்டுபோயினர். 1688ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் ஆண்மகவு ஒன்று பிறந்தது. அரியணைக்குக் கத்தோலிக்க வாரிசு வந்துவிட்டதே என்று அஞ்சியோர், அது அரசி பெற்ற குழந்தையே அன்று என்றும், படுக்கையைச் சூடாக்கும் பாத்திரத்தில் ஒளித்துக் கொணரப்பட்ட வேறொருவர் குழந்தை என்றும் வதந்தியைப் பரப்பினர். மன்னர் தம் ஆலோசனைச் சபையைக் கூட்டி, நாற்பதுக்கும் மேற்பட்டோரைச் சாட்சி சொல்ல வைத்தார். அவ்வாறிருந்தும் பொய் அடங்கவில்லை. வலியும் வேதனையும் பட்டுப் பெற்ற பிள்ளையைத் தம் பிள்ளையென்று உலகத்தின்முன் மெய்ப்பிக்க வேண்டிய நிலை ஒரு தாய்க்கு வந்தது!

அதே ஆண்டில், ஜேம்சின் மருமகனாகிய ஆரஞ்சு இளவரசர் வில்லியம் படையுடன் இங்கிலாந்தில் வந்திறங்கினார். டிசம்பர் 9ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின், அரசி சலவைப் பெண்ணைப் போல மாறுவேடம் பூண்டு, ஆறு மாதக் குழந்தையை எடுத்துக்கொண்டு அரண்மனையை விட்டு வெளியேறினார். காற்றும் மழையும் வீச, கூரையில்லாப் படகில் தேம்ஸ் ஆற்றைக் கடந்தார். அக்கரையில் ஒரு தேவாலயச் சுவரின் ஓரம் ஒதுங்கி வண்டிக்காகக் காத்திருந்தார். பின்னர்க் கப்பலேறிப் பிரான்சு நாட்டை அடைந்தார். அதன்பின் அவர் இங்கிலாந்து மண்ணை மிதிக்கவே இல்லை.

பிரான்சு மன்னர் பதினான்காம் லூயி, பாரிசுக்கு அருகிலுள்ள சான் ஜெர்மேன் அரண்மனையை அவர்களுக்கு வழங்கினார். திங்கள்தோறும் 50,000 லிவர் உதவித்தொகையும் அளித்தார். ஆனால், தம் மன்னரைப் பின்பற்றி இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து ஆகிய நாடுகளிலிருந்து வந்த ஏழைகள் பல்லாயிரவர். அவர்தம் பசியைப் போக்க அரசி தம் நகைகளையும் விற்றார்.

1701ஆம் ஆண்டில் ஜேம்ஸ் காலமானார். பதின்மூன்று வயது மகனுக்காக அரசியே பொறுப்பேற்றார். அவ்வேளையில் ஸ்காட்லாந்துப் பிரபு ஒருவர் வந்து, மகன் புரோட்டஸ்டண்டு சமயத்திற்கு மாறினால் அரியணை கிட்டக்கூடும் என்று எடுத்துரைத்தார். எந்தத் தாய்க்கும் மனம் தடுமாறும் நேரம் அது. அரசி மறுத்துவிட்டார். முடிக்காக மகனின் மனச்சான்றை விலைபேச அவர் ஒருப்படவில்லை. அம்முடிவுக்காக அவரும் மகனும் இறுதிவரை விலை கொடுத்தனர்.

குவால்தேரியோ 1700ஆம் ஆண்டு முதல் 1706ஆம் ஆண்டு வரை போப்பாண்டவரின் தூதராகப் பாரிசில் இருந்தவர். அரசியின் குடும்பத்தை நன்கு அறிந்தவர். 1706ஆம் ஆண்டில் கர்தினாலாக உயர்ந்த அவர், பின்னர் ரோமில் அக்குடும்பத்தின் நலன்களைக் கவனித்து வந்தார். நாடிழந்த அம்மன்னர் குடும்பம் அயர்லாந்தின் ஆயர்களை முன்மொழியும் உரிமையை ரோம் ஏற்றிருந்தது. ஆகவே, இலண்டனில் மதிப்பிழந்த கையொப்பம் ரோமில் மதிப்புடன் இருந்தது.

துன்பங்கள் அத்துடன் நிற்கவில்லை. 1712ஆம் ஆண்டில் பெரியம்மை நோய் அவருடைய பத்தொன்பது வயது மகள் லூயிசாவைக் கொண்டுபோயிற்று. 1713ஆம் ஆண்டின் உட்ரெக்ட் உடன்படிக்கைக்காக, மகனும் பிரான்சை விட்டு வெளியேற நேர்ந்தது. ஸ்காட்லாந்தில் 1715ஆம் ஆண்டு மகனின் பொருட்டு எழுந்த கிளர்ச்சியும் தோல்வியுற்றது. உதவித்தொகையும் காலத்தில் வந்து சேரவில்லை. புற்றுநோயால் வருந்திய அரசி, 1718ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் உயிர் நீத்தார். அப்போது மகன் தொலைவில், இத்தாலியில் இருந்தார்.

இப்போது முதலில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். அரசி என்னும் பட்டத்தை அவர் கைவிட்டிருந்தால், தம் மகன் பொய்ப்பிள்ளை என்ற பழியை அவரே ஒப்புக்கொண்டதாக உலகம் கொண்டிருக்கும். எனவே, அக்கையொப்பத்தை நாம் வீண் பெருமையாகக் கருதவில்லை. மகன் மெய்யானவன் என்பதற்கு ஒரு தாய் தம் கைப்பட மீண்டும் மீண்டும் எழுதிக் கொடுத்த சாட்சியாகவே கருதுகிறோம்.

அவரை அடக்கம் செய்த ஷாயோ கன்னியர் மடம் பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் அழிந்தது, கல்லறையும் இன்றில்லை. ஆனால், கர்தினாலுக்கு அவர் எழுதிய கடிதங்கள் இலண்டன் மாநகரின் பிரித்தானிய நூலகத்தில் காக்கப்பட்டு வருகின்றன. அரசி திரும்ப முடியாத நகருக்கு அவருடைய கையெழுத்து திரும்பிவிட்டது.

மாணவச் செல்வங்களே! ஏட்டிலும் படிவத்திலும் உங்கள் பெயரை எழுதும்போதெல்லாம், அதன் மேலே எழுதியுள்ளது உண்மைதானா என்று ஒருமுறை எண்ணிப் பார்த்து எழுதுங்கள். நாம் எழுதும் பெயருக்கு நாமே பொறுப்பு.