இதயத்தின் கையெழுத்தைப் படித்தவர்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

சேத்தியாத்தோப்பில் ஒருவருக்கு நெஞ்சுவலி கண்டு சிதம்பரத்துக்குக் கொண்டு போனால், அங்கே முதலில் எடுப்பது இ.சி.ஜி.தான். சென்ற ஆண்டு என் பெரியப்பாவுக்கும் எடுத்தார்கள். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி போட்டு, ஒன்றரை மணி நேரம் கழித்து மறுபடியும் எடுத்தார்கள். இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்த பிறகே டாக்டரின் முகம் தெளிந்தது. அந்தக் கோட்டில் அப்படி என்னதான் இருக்கிறது என்று நூலகத்தில் தேடப்போய் வில்லெம் ஐந்தோவனை அறிந்தேன்.

இவர் 1860இல் ஜாவாத் தீவின் செமராங் நகரில் பிறந்தார். டச்சுப் படை மருத்துவரான தந்தையைச் சிறு வயதிலேயே இழந்தார். ஆறு குழந்தைகளுடன் தாய் ஹாலந்துக்குத் திரும்பினார். தந்தையின் தொழிலையே நாடி யூட்ரெக்ட் நகரில் மருத்துவம் பயின்ற ஐந்தோவன், 1886இல் லெய்டன் பல்கலைக்கழகத்தில் உடலியல் பேராசிரியரானார். அப்போது அவருக்கு வயது 25தான்!

இதயம் துடிக்கையில் எழும் சிறு மின்னோட்டத்தை 1887இல் லண்டனில் அகஸ்டஸ் வாலர் என்பவர் பாதரசக் குழாயைக் கொண்டு பதிவு செய்திருந்தார். ஆனால் பாதரசம் சோம்பேறி. துடிப்பின் வேகத்துக்கு ஈடு கொடுக்காது. ஐந்தோவன் அந்தச் சோம்பலைக் கணக்குப் போட்டுக் கழித்து, உண்மை வளைவு இவ்வாறுதான் இருக்கவேண்டும் என்று தாளில் வரைந்தார். அதன் மேடு பள்ளங்களுக்குப் பி, க்யூ, ஆர், எஸ், டி என்று பெயரும் சூட்டினார். பிறகு வெள்ளி பூசிய மெல்லிய குவார்ட்ஸ் இழையை வலிய மின்காந்தத்தின் நடுவே நிறுத்தி, அதன் அசைவை ஒளியால் பெரிதாக்கிப் படமெடுக்கும் கருவியை அமைத்தார். 1901இல் அதைப் பற்றி முதன்முதலாக எழுதினார். கணக்கு சொன்ன வளைவையே கருவியும் வரைந்தது. இயற்பியல் மாணவனுக்கு இதைவிட இனிய செய்தி ஏது?

கருவியின் எடையோ ஏறத்தாழ 270 கிலோ; இயக்க ஐந்து பேர் வேண்டும். நோயாளி கைகளையும் காலையும் உப்புநீர்ப் பாத்திரங்களில் வைத்திருக்கவேண்டும். இதை மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல முடியுமா? 1905இல் சுமார் ஒன்றரை கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த மருத்துவமனை நோயாளியின் துடிப்பையே தொலைபேசிக் கம்பி வழியே தம் ஆய்வுக்கூடத்துக்கு வரவழைத்துவிட்டார்!

மாரடைப்பில் எஸ்ஸுக்கும் டிக்கும் இடைப்பட்ட கோடு மேலெழுவதை 1920இல் நியூயார்க் மருத்துவர் ஹரால்ட் பார்டி விளக்கினார். ஐந்தோவனுக்கு 1924இல் நோபல் பரிசு கிடைத்தது. 1927இல் அவர் மறைந்தார்.

தமிழ்நாட்டில் சிற்றூர் மருத்துவமனைகளைப் பெரிய மருத்துவமனைகளுடன் இணைத்து, இ.சி.ஜி.யை உடனுக்குடன் அனுப்பிச் சிகிச்சை தரும் ஏற்பாடு 2012 முதல் 2014 வரை ஆராயப்பட்டது. 2,420 நோயாளிகளிடம் நடந்த அந்த ஆய்வில், ஓராண்டுக்குள் இறந்தவர்களின் விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தது.

ஊசிக்குப் பின் அந்த மேடு பாதியளவாவது தணிந்தால் அடைப்பு திறந்ததற்கு அடையாளம். தணியாவிட்டால் ஆஞ்சியோபிளாஸ்டிக்கு விரைய நேரும். வயது, ரத்த அழுத்தம், நுரையீரலில் நீர் கோத்தல் ஆகியவற்றையும் சேர்த்தே மருத்துவர்கள் கணிக்கிறார்கள். பெரியப்பாவின் இரண்டாவது தாளில் அந்த மேடு பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது.