பனிக்கட்டி செய்த வைத்தியர்

குளிர்சாதனம் விற்கும் கடைகளில் ஒன்றரை டன், இரண்டு டன் என்று பேசக் கேட்டிருக்கிறோம். அது யந்திரத்தின் எடை என்று எண்ணிக்கொண்டிருக்கும் நண்பர்கள் நம் விடுதியிலேயே சிலர் உண்டு. எடைதான், ஆனால் யந்திரத்தினுடையதன்று, பனிக்கட்டியினுடையது. 2,000 பவுண்டு பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகுமானால் அது எந்த வேகத்தில் வெப்பத்தை உறிஞ்சுமோ, அதற்குத்தான் ஒரு டன் என்று பெயர். இன்றைய கணக்கில் சுமார் 3.5 கிலோவாட். குளிர்ச்சி என்றாலே பனிக்கட்டிதான் என்றிருந்த காலம் நமக்கு விட்டுச் சென்ற அளவு இது. அந்தக் காலத்தில் வாழ்ந்து, நோயாளிகளின் அறையைப் பனிக்கட்டியால் குளிர்விக்க முயன்று, அம்முயற்சியிலேயே கைப்பொருளையும் உடல்நலத்தையும் இழந்தவர் டாக்டர் ஜான் கோரி. அவருடைய வரலாற்றையே இங்கு எழுத முற்படுகிறேன்.

கோரி 1803-ஆம் ஆண்டு பிறந்தவர். நியூயார்க் மாநிலத்தில் வைத்தியம் பயின்று, 1833-இல் புளோரிடாவின் வடமேற்குக் கரையில் உள்ள அப்பலாச்சிகோலா என்னும் துறைமுகத்தில் குடியேறினார். பருத்தி மூட்டைகள் கப்பலேறும் ஊர் அது. அங்கே வைத்தியம் பார்த்ததோடு, தபால் அதிகாரியாகவும் நகரத் தலைவராகவும் இருந்தார். ஊருக்கு நல்லவர் என்பது அந்தப் பதவிகளிலிருந்தே விளங்கும்.

அதே 1833-இல் நம் நாட்டிலும் ஓர் அதிசயம் நிகழ்ந்தது. பாஸ்டன் நகரத்து பிரடெரிக் டியூடர் என்னும் வியாபாரி, ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை மரத்தூளில் புதைத்துக் கப்பலில் ஏற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். ஏற்றியது 180 டன். நான்கு மாதப் பிரயாணத்துக்குப் பின் சுமார் 100 டன் வந்து சேர்ந்தது. சென்னைக் கடற்கரையில் உள்ள ஐஸ் ஹவுஸும் இவ்வியாபாரத்துக்காகவே எழுந்தது. பின்னர் 1897-இல் விவேகானந்தர் தங்கியதால் இன்று விவேகானந்தர் இல்லம் என்று வழங்கும் கட்டடம் அதுவேதான். குளிர்காலத்தின் குளிரைச் சேமித்துக் கோடைக்கு விற்பது டியூடரின் தொழில்.

அப்பலாச்சிகோலாவில் கோடை தோறும் சுரம் பரவி மக்களை வாட்டியது. வெப்பமும், சதுப்பு நிலத்திலிருந்து எழும் கெட்ட காற்றுமே நோய்க்குக் காரணம் என்று அக்கால வைத்தியர்கள் நம்பினார்கள். கோரியும் அப்படியே நம்பினார். மலேரியாவுக்குக் கொசுவே காரணம் என்பதை ரொனால்டு ராஸ் நம் செகந்தராபாத்தில் கண்டது 1897-இல்தான். ஆகவே கோரியைக் குறை சொல்வதற்கில்லை. சதுப்பு நிலங்களை வடித்துவிட வேண்டும் என்று அவர் வற்புறுத்தியது, காரணம் தவறாயினும், பலன் தரக்கூடிய யோசனையே.

அவருடைய மற்றொரு யோசனைதான் நம் கவனத்துக்கு உரியது. நோயாளி படுத்திருக்கும் அறையின் கூரையிலிருந்து ஒரு தொட்டியைத் தொங்கவிட்டு, அதில் பனிக்கட்டியை நிரப்பினார். குளிர்ந்த காற்று கனமானது. அது தானாகவே கீழே இறங்கி, நோயாளியின் மேல் தவழ்ந்து, தரையை ஒட்டியிருந்த துவாரம் வழியே வெளியேறியது. விசிறி இல்லை, மின்சாரம் இல்லை. இதைவிட எளிய குளிர்சாதன அறை உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

இடையூறு பனிக்கட்டியில்தான் இருந்தது. வடக்கிலிருந்து கப்பல் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. சுரம் கப்பலுக்காகக் காத்திருக்குமா? எனவே பனிக்கட்டியைத் தாமே செய்யத் துணிந்த கோரி, 1845-க்குப் பின் வைத்தியத் தொழிலையே விட்டுவிட்டார். வருமானம் தரும் தொழிலை நடு வயதில் உதறுவது சிறிய காரியமன்று. காற்றை அழுத்தினால் சூடேறும். அந்தச் சூட்டைத் தண்ணீரால் நீக்கிவிட்டுக் காற்றை விரியவிட்டால் மிகவும் குளிர்ந்துவிடும். இந்தத் தத்துவத்தில் அமைந்த அவருடைய யந்திரத்துக்கு 1851-ஆம் ஆண்டு மே 6-ஆம் தேதி அமெரிக்க அரசாங்கம் 8080-ஆம் எண்ணுள்ள காப்புரிமை அளித்தது.

உரிமை கிடைத்தது, மரியாதை கிடைக்கவில்லை. கடவுளுக்குப் போட்டியாகப் பனிக்கட்டி செய்யப் புறப்பட்ட பைத்தியக்காரர் என்று நியூயார்க் பத்திரிகை ஒன்று எள்ளி நகையாடியது. முதல் போட்ட கூட்டாளி இறந்துபோனார். வேறு எவரும் பணம் தர முன்வரவில்லை. பனிக்கட்டி வியாபாரிகளே தமக்கு எதிராகப் பத்திரிகைகளைத் தூண்டினார்கள் என்று கோரி சந்தேகித்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இயற்கையாய்க் கிடைக்கும் பண்டம் கப்பல் கப்பலாக வந்து இறங்கும்போது, அதைச் செய்யும் யந்திரத்தில் பணத்தை முடக்க எந்த முதலாளியும் தயங்கியிருப்பார். காரணம் எதுவாயினும், வறுமையும் அவமானமும் அவரை ஒடுக்கின. 1855-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் தேதி, எவரோடும் பழகாமல் ஒதுங்கி வாழ்ந்த நிலையில், அவர் காலமானார். 1914-இல் புளோரிடா மாநிலம் வாஷிங்டன் சட்டசபை மாளிகைக்குக் கோரியின் சிலையை அளித்தது. அது இன்றும் அங்கே நிற்கிறது.

அவருக்குப் பின் வந்த யந்திரங்கள் அறையின் காற்றை நேரடியாகவே குளிர்வித்தன. பனிக்கட்டி தேவையற்றுப் போயிற்று. ஆயினும் பெரிய கட்டடங்களில் அது திரும்பி வந்திருக்கிறது. நியூயார்க்கில் 2009-இல் கட்டி முடிந்த 55 மாடி பாங்க் ஆப் அமெரிக்கா கோபுரத்தின் அடித்தளத்தில் 44 பனிக்கட்டித் தொட்டிகள் உள்ளன. இரவில் தண்ணீரை உறைய வைத்து, பகலில் அதை உருக்கி மாடிகளைக் குளிர்விக்கிறார்கள். ஒரு கிலோ பனிக்கட்டி உருக 80 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். ஒரு கிலோ குளிர்ந்த நீர் 10 டிகிரி சூடேற 10 கிலோ கலோரியே போதும். ஆகவே நீர்த்தொட்டியைவிடப் பனிக்கட்டித் தொட்டி மிகச் சிறியதாக இருக்கலாம். உறைய வைப்பதற்கு மின்சாரம் சற்றுக் கூடுதலாகவே செலவாகும் என்பது உண்மை. இரவுக் காற்றின் குளிர்ச்சியும் இரவுக் கட்டணத்தின் மலிவும் அதை ஈடு செய்கின்றன.

நம் நாட்டில் கணக்கு வேறாக அமையும் என்று நினைக்கிறேன். 2023-இல் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் விதிகள், சூரிய மின்சாரம் மிகுந்த பகல் வேளையில் கட்டணத்தைக் குறைத்து, உச்சத் தேவை நேரத்தில் கூட்டச் சொல்கின்றன. எனவே இங்கே நண்பகலில் பனிக்கட்டி செய்து, மாலையிலும் முன்னிரவிலும் உருக்குவதே இலாபம். அந்த வேளையிலும் குளிர்ச்சி தேவைப்படும் பெரிய கட்டடங்களில் மருத்துவமனைகளும் அடங்கும்.