பத்து வெள்ளித் தவணையில் வாங்கிய தோட்டம்: துன் சம்பந்தனின் வாழ்க்கை

சென்ற பருவத்தில் வணிகச் சட்டமும் வணிக நெறியும் எங்களுக்கு ஒரே பாடமாக அமைந்தன. ஒரு நாள் விரிவுரையாளர் ஒரு கேள்வி கேட்டார். ஒரு நிறுவனத்திற்குச் சொந்தமான நிலத்திற்கு நல்ல விலை வருகிறது. ஆனால், அந்நிலத்தில் மூன்று தலைமுறையாகத் தொழிலாளர்கள் குடியிருக்கிறார்கள். நிறுவனம் நிலத்தை விற்கலாமா? சட்டத்தில் தடையில்லை, ஆகவே விற்கலாம் என்று முதலில் கை தூக்கியது நான்தான். தேர்வில் எழுதியிருந்தால் முழு மதிப்பெண்ணும் கிடைத்திருக்கும். ஆனால், பினாங்கு மாநிலத்தின் தென்பகுதியில் உள்ள பைராம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. நான் அத்தனை எளிதாக விற்றுவிட்டது யாருடைய வீட்டை?

விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது பாட்டியிடம் இதைச் சொன்னேன். பள்ளிக்கூடம் பார்க்காதவர்; வாழ்நாளெல்லாம் பால்மரம் வெட்டியவர். சற்றும் யோசிக்காமல் அவர் சொன்ன பெயர் சம்பந்தன். தமிழ்ப்பள்ளியில் படித்தபோது படத்தில் மட்டுமே பார்த்திருந்த அந்த மனிதரை அதன் பிறகுதான் தேடிப் படித்தேன்.

துன் வீ. தி. சம்பந்தன் 1919ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் பிறந்தார். தந்தை வீராசாமி தமிழகத்திலிருந்து தொழிலாளியாக வந்து, உழைப்பால் உயர்ந்து ரப்பர் தோட்ட உரிமையாளரானவர். கோலகங்சார் கிளிஃபர்ட் பள்ளியிலும் பின்னர் தமிழகத்தின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் சம்பந்தன் கல்வி பயின்றார். செல்வந்தர் வீட்டுப் பிள்ளை விரும்பியிருந்தால் தோட்டத்து வருமானத்தில் நிம்மதியாக வாழ்ந்திருக்கலாம். அவரோ பொதுவாழ்வைத் தேர்ந்தெடுத்தார். 1954இல் சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி கலாசாலை எழும்பியதில் அவருடைய பங்கு பெரிது. 1955இல் ம.இ.காவின் தலைவராகவும் அதே ஆண்டு தொழில் அமைச்சராகவும் பொறுப்பேற்றார். விடுதலைக்குப் பாடுபட்ட கூட்டணித் தலைவர்களுள் ஒருவராகத் திகழ்ந்தார்.

நாடு விடுதலை அடைந்த 1957ஆம் ஆண்டையொட்டித் தோட்டப்புறங்களை ஒரு பேரிடர் சூழ்ந்தது. தோட்டத் துண்டாடல் என்று நம் முன்னோர் இன்றும் நடுக்கத்தோடு குறிப்பிடுவது அதைத்தான். புதிய நாட்டில் தங்கள் முதலீடு என்னாகுமோ என்று அஞ்சிய வெள்ளைக்கார முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டனர். வாங்கியவர்கள் பெருந்தோட்டத்தைச் சிறு சிறு துண்டுகளாக்கி விற்று இலாபம் பார்த்தனர். பத்து ஏக்கர் வாங்கியவருக்கு நூறு தொழிலாளர்கள் எதற்கு? மருந்தகமும் தண்ணீர்க் குழாயும் பள்ளியும் யார் பொறுப்பு? வேலை போனது. வேலையோடு ஒட்டியிருந்த லயத்து வீடும் போனது. 1951 முதல் 1960 வரை நடந்த இத்துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசிஸ் தலைமையில் ஆய்வு செய்து 1963இல் அறிக்கையே வெளியிட்டார்கள் என்றால், அதன் கடுமையை நாம் உணரலாம்.

இங்கே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. விற்றவரும் சட்டத்தை மீறவில்லை, வாங்கியவரும் மீறவில்லை. வணிகக் கணக்கும் சரியாகவே இருந்தது. தவறே செய்யாத இரண்டு தரப்பினரிடையே ஒரு சமுதாயம் தெருவுக்கு வந்தது!

அமைச்சராக இருந்த சம்பந்தன் அனுதாப உரையோடு நின்றிருக்கலாம். அவர் வேறு வழி கண்டார். நிலம் விற்பனைக்கு வருகிறது என்றால் அதைத் தொழிலாளியே ஏன் வாங்கக்கூடாது? இந்த எண்ணத்தில் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. ஒரு பங்கின் விலை 100 வெள்ளி. அதையும் மாதம் 10 வெள்ளியாகத் தவணையில் கட்டலாம். தோட்டம் தோட்டமாகச் சென்று, பால்வாளி ஏந்திய கைகளிடம் அவர் பங்கு கேட்டார். அன்றாடம் காய்ச்சிகளுக்குப் பத்து வெள்ளி பெருந்தொகை. பலர் தயங்கினர், சிலர் ஏளனம் செய்தனர். ஆயினும் பணம் சேர்ந்தது. கெடா மாநிலத்தின் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் முதல் தோட்டமாயிற்று. அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாகத் தோட்டங்கள் சேர்ந்தன. பல்லாயிரம் தொழிலாளர்கள் பங்குதாரர்கள் ஆயினர். எங்கள் பாட்டியும் ஒரு பங்கு வாங்கியவர் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அலமாரியிலிருந்த தகர டின்னைத் திறந்து, பழுப்பேறிய சான்றிதழை என் கையில் கொடுத்தார்.

சம்பந்தன் எல்லாத் தோட்டங்களையும் காப்பாற்றிவிட்டார் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். கூட்டுறவுச் சங்கத்தின் கைக்கு எட்டாத தோட்டங்களே அதிகம். பிற்காலத்தில் வீடமைப்புக்கும் தொழிற்சாலைக்கும் செம்பனைக்கும் இடம்விட்டுத் தோட்டங்கள் மறைந்தபோது, மறுபடியும் குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. ஏழைத் தொழிலாளி தன் கூரையைக் காக்கத் தானே ஏன் பணம் கட்ட வேண்டும் என்று கேட்போரும் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால், மற்றவர்கள் கைவிரித்த வேளையில் கைவசம் இருந்த ஒரே கருவியை அவர் எடுத்தார் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

1973இல் கட்சித் தலைமையை விட்டு விலகிய பிறகும் கூட்டுறவுச் சங்கப் பணியை அவர் விடவில்லை. 1979ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் மறையும்வரை அதன் தலைவராக இருந்தார். தந்தை வழி வந்த சொத்தில் பெரும்பகுதி பொதுவாழ்வில் கரைந்திருந்தது. பதவியில் சேர்த்தவர்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம்; இவர் பதவியில் இழந்தவர்.

இன்று தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவின்படி, தோட்ட நிலத்தைத் துண்டாக்கிப் பலருக்கு விற்க வேண்டுமானால் தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் தேவை. அறம் முன்னே நடந்தது. சட்டம் பின்னே வந்தது. பட்டம் பெற்றபின் நம்மில் பலர் வங்கியிலும் நிறுவனங்களிலும் வழக்கறிஞர் அலுவலகங்களிலும் அமர்வோம். கையெழுத்துக்காக நம் மேசைக்கு வரும் தாளில் சட்டம் சரியாக இருக்கும், இலாபமும் சரியாக இருக்கும். அந்நிலத்தில் குடியிருப்போரின் பெயர்கள் மட்டும் அதில் இருக்கமாட்டா.

விரிவுரையாளர் மீண்டும் அதே கேள்வியைக் கேட்டால், இம்முறை நான் அவசரப்பட்டுக் கை தூக்க மாட்டேன். அங்கே குடியிருப்பவர்களை யாராவது கேட்டார்களா என்று முதலில் கேட்பேன்.