ரூ.7,000-க்கு ஏலத்தில் ஒரு கப்பல்: தாகூரின் அண்ணன் கணக்கைக் கோட்டைவிட்டது எங்கே?

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கப் போனால் முதலில் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று பார்ப்பீர்கள். படகு வாங்குபவர்கள் எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று கேட்பார்கள். 1880களின் தொடக்கத்தில் கல்கத்தாவில் ஒருவர் ஏலத்தில் எடுத்த கப்பலில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. ஏன்னா, அதில் எஞ்சினே இல்லை. வெறும் கூடு. விலை 7,000 ரூபாய்.

வாங்கியவர் ஜோதிரிந்திரநாத் தாகூர். ரவீந்திரநாத் தாகூரின் அண்ணன், அவரைவிட 12 வயது மூத்தவர். பேப்பரில் ஏல விளம்பரத்தைப் பார்த்தார், போனார், வாங்கிவிட்டார். எஞ்சின் வைத்து, அறைகள் கட்டிவிட்டால் முழுக் கப்பல் ஆகிவிடும் என்பது அவர் நினைப்பு. தப்பில்லை. ஆனால் அந்த 'விட்டால்' என்ற வார்த்தைக்குள்தான் அவருடைய சொத்து மொத்தமும் போனது.

யார் இவர்?

1849 மே 4 அன்று கல்கத்தாவின் ஜோராசாங்கோ வீட்டில் பிறந்தவர். பிரெசிடென்சி கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவர், பாதியில் விட்டுவிட்டு மேற்கு இந்தியாவில் ஐசிஎஸ் அதிகாரியாக இருந்த அண்ணன் சத்யேந்திரநாத்திடம் போனார். அங்கே சிதாரும் பிரெஞ்சும் கற்றுக்கொண்டார். பிறகு நாடகங்கள் எழுதினார், பியானோவில் மெட்டுப் போட்டார், 1877-ல் 'பாரதி' பத்திரிகை தொடங்கியதில் முக்கியப் பங்கு அவருக்கு. தம்பி ரவியின் எழுத்துக்கும் இசைக்கும் முதலில் இடம் கொடுத்தவர்களில் ஒருவர்.

சுதேசி என்ற சொல் அரசியலுக்கு வருவதற்கு முன்பே அந்தப் பைத்தியம் பிடித்தவர் அவர். நண்பர்களோடு ரகசிய சங்கம் ஒன்று நடத்தினார். அந்தச் சங்கம் உள்நாட்டுத் தீக்குச்சி செய்ய முயன்றது. குச்சி வந்தது, ஆனால் கட்டுப்படியாகும் விலையில் வரவில்லை. தறி ஒன்றும் போட்டார்கள். அதிலிருந்து வந்தது ஒரு துண்டு. ஒரே ஒரு துண்டு!

இதைப் படித்து அவரை வெறும் கனவுக்காரர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அவுரி சாகுபடியில் நல்ல லாபம் பார்த்தவர். அந்தப் பணம்தான் கப்பலுக்கு வந்தது.

தாத்தா செய்ததும் பேரன் செய்ததும்

தாகூர் குடும்பத்துக்கு நீராவிப் படகு புதிதல்ல. தாத்தா துவாரகநாத் 1834-ல் 'கார், தாகூர் அண்ட் கம்பெனி'யைத் தொடங்கினார். பாய்மரக் கப்பல்களை ஹூக்ளி நதியில் இழுத்துவரும் நீராவி இழுவைப் படகுகள் அதன் தொழில்களில் ஒன்று. துவாரகநாத்திடம் ராணிகஞ்ச் நிலக்கரிச் சுரங்கமும் இருந்தது. படகும் எரிபொருளும் ஒரே கையில். பேரனிடம் இருந்தது ஒரு கூடும் நிறைய ஆர்வமும். (தாத்தாவின் கம்பெனியும் அவர் இறந்த இரண்டே வருடத்தில் திவாலானது. அது வேறு கதை.)

ஒரு படகு எஞ்சினின் ஆயுள் எவ்வளவு?

கொஞ்சம் நம் காலத்துக்கு வருவோம். படகின் பின்புறம் மாட்டும் பெட்ரோல் அவுட்போர்டு மோட்டாரை ஒழுங்காகப் பராமரித்தால் சுமார் 1,500 மணி நேரம் உழைக்கும் என்பது பொதுவான கணக்கு. வாரம் 2 மணி நேரம், வருடத்துக்கு 50 வாரம் உல்லாசமாக ஓட்டுபவருக்கு அது 15 வருடம். அதே மோட்டாரை ஒரு மீனவர் தினம் 5 மணி நேரம், வருடத்துக்கு 250 நாள் ஓட்டினால் 1,250 மணி நேரம். ஒன்றேகால் வருடத்துக்குள் கணக்கு தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு பாகம் பாகமாக மாற்றித்தான் ஓட்ட வேண்டும்.

பராமரிப்பு என்றால் பெரிய வித்தை எதுவும் இல்லை. உப்புத் தண்ணீரில் ஓடியதும் நல்ல தண்ணீர் விட்டு அலச வேண்டும். ஏறக்குறைய 100 மணி நேரத்துக்கு ஒருமுறை கியர் ஆயிலும், தேவைப்பட்டால் ஸ்பார்க் பிளக்கும் மாற்ற வேண்டும். குளிர்நீர் பம்பின் ரப்பர் இம்பெல்லரைக் கவனிக்க வேண்டும். வண்டல் கலங்கிய ஆற்று நீர் அதைச் சீக்கிரம் தேய்த்துவிடும். ஹூக்ளி அப்படிப்பட்ட ஆறுதான்.

நீராவிக் கப்பலுக்கு இந்தச் செலவு பல மடங்கு. கொதிகலனில் படியும் சேற்றைக் கழுவி வெளியேற்ற வேண்டும். எஞ்சினியர், தீயிடும் ஆட்கள், மாலுமிகள் என்று சம்பளப் பட்டியல் நீளம். பயணி ஒருவர் ஏறினாலும் முந்நூறு பேர் ஏறினாலும் எரியும் நிலக்கரியில் பெரிய வித்தியாசம் இருக்காது. இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1884: இரண்டு மாதங்கள்

அந்த ஏப்ரலில் ஜோதிரிந்திரநாத்தின் மனைவி காதம்பரி தேவி தற்கொலை செய்துகொண்டார். இதைச் சுற்றி எத்தனையோ கதைகள் எழுதப்பட்டுவிட்டன. இங்கே ஊகம் வேண்டாம். அடுத்த மாதம், மே 23 அன்று, 'சரோஜினி' கல்கத்தாவிலிருந்து கிளம்பியது. அவர் எழுதிய நாடகத்தின் பெயரும் அதுதான். கப்பலில் தம்பி ரவீந்திரநாத்தும் இருந்தார். ஜோதிரிந்திரநாத்துக்கு அப்போது 35 வயது.

கிழக்கு வங்கத்தில் குல்னாவுக்கும் பாரிசாலுக்கும் இடையே, இன்றைய வங்கதேச நதிகளில்தான் சேவை. ரயில் பாதை அப்போதுதான் குல்னாவை எட்டியிருந்ததால், இறங்கும் பயணிகளுக்குப் படகு தேவை. நல்ல ரூட். ஒன்று போதாமல் பங்கலட்சுமி, சுதேசி, பாரத், லார்ட் ரிப்பன் என்று கப்பல்கள் ஐந்தாயின. எதிரே ஐரோப்பியர்களின் ஃப்ளோட்டில்லா கம்பெனி.

கட்டணப் போர் தொடங்கியது. பாரிசால் இளைஞர்கள் கரையில் நின்று, நம்மவர் கப்பலில் ஏறுங்கள் என்று பயணிகளிடம் மன்றாடினார்கள். கூட்டம் வந்தது. ஆனால் கட்டணம் குறைந்துகொண்டே போய், கடைசியில் டிக்கெட்டே இல்லை. ஏறினால் இலவச இனிப்பு வேறு! நம்முடைய ஆப் கம்பெனிகளின் தள்ளுபடிப் போட்டியெல்லாம் பழைய வித்தை என்று இப்போது தெரிகிறதா?

தமிழ் வாசகருக்கு இங்கே வ.உ.சி. ஞாபகம் வராமல் இருக்காது. இருபது வருடம் கழித்து, 1906-ல் அவர் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனிக்கு எதிராகத் தூத்துக்குடியில் வெள்ளைக்காரக் கம்பெனி இலவசமாகக் குடை கொடுத்ததாகச் சொல்வார்கள். அங்கே எதிராளி கொடுத்தார், பாரிசாலில் நம்மவரே கொடுத்தார். வ.உ.சி. பங்குதாரர்களைச் சேர்த்தார், ஜோதிரிந்திரநாத் தன் பையிலிருந்தே எடுத்தார்.

ஆங்கிலேயர் நசுக்கிய கதையாக மட்டும் இதைச் சொல்வது வழக்கம். எனக்கு அது பாதிதான் சரியாகப் படுகிறது. பெரிய கம்பெனிக்கு மற்ற ரூட்களில் வருமானம் உண்டு, இந்த ஒரு ரூட்டின் நஷ்டத்தை அதில் தாங்கிக்கொள்ளும். ஐந்து கப்பலை ஒரே ரூட்டை நம்பி ஓட்டியவருக்குக் கூட்டம் கூடினால் செலவு குறையாது, நஷ்டம்தான் கூடும். கொதிகலனுக்கு தேசபக்தி தெரியாது இல்லையா?

கடைசி அடி ஆற்றிலேயே விழுந்தது. 'சுதேசி' கப்பல் ஹவுரா பாலத்தில் மோதி மூழ்கியது. நீங்கள் இன்று பார்க்கும் இரும்புப் பாலம் அல்ல. 1874-ல் போட்ட மிதவைப் பாலம். அந்த நஷ்டத்தை அவரால் தாங்க முடியவில்லை. தொழிலை மூடினார். மிச்சமிருந்தது கடன்.

பிறகு?

அவர் மறுபடி திருமணம் செய்துகொள்ளவில்லை. சமஸ்கிருத நாடகங்களையும் பிரெஞ்சு எழுத்துகளையும் வங்காளத்தில் மொழிபெயர்த்தார். திலகரின் 'கீதா ரகசிய'த்தையும் மொழிபெயர்த்தார். 1908-க்குப் பிறகு ராஞ்சி மொராபாதி குன்றில் வீடு கட்டிக் குடியேறினார். அந்த இடத்தை இன்றும் தாகூர் ஹில் என்றுதான் சொல்கிறார்கள். வீட்டுக்கு வருபவர்களை உட்காரவைத்துப் பென்சிலால் முகங்களை வரைவார். அவற்றில் ஒரு சிறு தொகுப்பு 1914-ல் லண்டனில் ஓவியர் வில்லியம் ரோதன்ஸ்டைன் முயற்சியில் அச்சானது. 1925 மார்ச் 4 அன்று ராஞ்சியிலேயே இறந்தார். அப்போது அவருக்கு 75 வயது.